மூன்றாம் தறியின் போல்ட்

உங்கள் அடையாள அட்டையில் பதவியின் பெயரை இரண்டு வரியாக மடித்து அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள்: தொழிற்பழகுநர் சேர்க்கை ஒருங்கிணைப்பாளர். சங்கரன்கோவிலில் அதை முழுதாக வாசித்து முடித்த ஆள் இதுவரை கிடையாது. “பிள்ளையள அப்ரண்டிஸா சேத்துவிடுத சாரு” என்பார்கள். சேர்த்துவிட்ட பிள்ளை சரியில்லை என்றால் “சேத்துவிட்டுட்டு ஓடிப்போன சாரு”. இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் பத்தொன்பது வருடம் ஓட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில், “மாத்திரைய நிறுத்துதீங்களா, வேலைய நிறுத்துதீங்களா” என்று வீட்டில் கேட்டார்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வேலையை நிறுத்தினேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் நாலு பேரும் என் வீடு தேடி வந்து, அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். வலைத்தளத்தில் ஒப்பந்தம் பதிவது எப்படி, எந்தப் படிவத்தை யாருக்கு அனுப்புவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாளியின் போனுக்கு ஓடிபி வந்து, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாக வாசிப்பதற்குள் பக்கம் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவன் நான். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் பண்ணின ஒரு கேவலத்தை மட்டும் சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு புதிய கேவலமாகப் பண்ணிக்கொள்ளலாம்.

இந்த வேலையில் என்ன எரிச்சல் என்றால், மூன்று பக்கத்துக்காரர்களும் அவரவர் அளவில் நியாயமாகவே பேசுவார்கள். மூன்று பேர் பேச்சையும் ஒரே நாளில் கேட்கிறவனுக்குத்தான் மண்டை சூடாகும். காலையில் ஒரு தறி முதலாளி, “புது ஆளாத்தான் வேணும் சார், பழைய ஆளு சொன்னபடி கேக்க மாட்டான். ஆனா நல்ல அனுபவம் இருக்கணும்” என்பார். மத்தியானம் சிவகிரியிலிருந்து ஒரு தகப்பனார் பஸ் ஏறி வந்து, “பயலுக்குத் தூசி ஆகாது சார். ஏசி வச்ச மிஷினாப் பாத்து விடுங்க” என்பார். பருத்தி பறக்காத தறியும், ஏசி வைத்த தறிக்கூடமும் இந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவரையே கேட்கலாம்போல இருக்கும். சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வரும்: இந்த வாரச் சேர்க்கை எத்தனை? போன வாரம் அனுப்பிய புகைப்படத்தில் ஏன் யாரும் சிரிக்கவில்லை?

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார். “மொத நாளு பாஸாகுத மாதிரி அனுப்பிவிடும் வே. மறுநா அவன் பாடு, மொதலாளி பாடு.” பெரிய ஞானம் கிடைத்துவிட்டதாக நினைத்து அதைப் பிடித்துக்கொண்டேன். நான் நாசமாய்ப் போனதற்கு அவர்மேல் பழி போட மாட்டேன். அவர் ஒரு வரி சொன்னார். அதை ஒரு தொழில்நுட்பமாக வளர்த்தெடுத்தது நான்தான்.

ஊரில் பெரிய தறிக்கூடங்களில் ஒன்றை வைத்திருந்தவரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் சேர்த்துக்கொண்டால் மற்ற முதலாளிகளும் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தத் தெரு முழுக்க வேண்டாம். எங்கள் பயிற்சி நிலையத்தின் சான்றிதழை அவர் வாங்கிப் பார்த்ததே இல்லை. தறி பராமரிப்புப் படித்த பிள்ளை யார் வந்தாலும், வாசலிலிருந்து மூன்றாவது தறிக்குக் கூட்டிப்போவார். அதில் முன்கூட்டியே ஏதோ ஒன்றைக் கழற்றிவிட்டோ தளர்த்திவிட்டோ வைத்திருப்பார். தறிக்கூடத்துச் சத்தத்தில் கேட்கிற மாதிரி காதருகே வந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

“இந்தத் தறிக்கு என்ன செய்யுது? பாத்துச் சொல்லு.”

உடம்புக்கு முடியாதவனிடம் கேட்கிற மாதிரி. அப்புறம் வெளிவாசலில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏழெட்டுப் பிள்ளைகளை இப்படிக் கொண்டுபோய் நிறுத்தியபிறகு நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அண்ணாச்சி சோம்பேறி. ஒவ்வொரு தடவையும் அதே போல்ட்டைத்தான் தளர்த்துகிறார். தறியில் பாவுக்குக் குறுக்கே ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் இல்லையா, அதை அடித்து அனுப்புகிற கட்டையின் அடியில் உள்ள போல்ட். அது தளர்ந்தால் அடி சரியாக விழாது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நாடா பாதி வழியில் நிற்கும், தறியும் நின்றுவிடும். இது தெரிந்த நாள் முதல் என் ரத்த அழுத்தம் சீரானது. கூட்டிப்போகும் வழியிலேயே சொல்லிவிடுவேன்: “மூணாவது தறி. அடிகட்டை போல்ட்டு. ஆனா உடனே சொல்லிராத. பத்து நிமிஷம் யோசிக்கிற மாதிரி நில்லு.” நடிப்புப் பயிற்சியும் சேர்த்து. உள்ளே போய் மறந்து நிற்கிறவனுக்குக் கதவு மறைவிலிருந்து கையை ஆட்டி ஞாபகப்படுத்துவதும் உண்டு.

பிள்ளைகள் வரிசையாகப் பாஸானார்கள். புகைப்படத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து வரிசையாகத் திரும்பியும் வந்தார்கள்.

அண்ணாச்சி போனில் பிடித்துக்கொண்டார். “என்ன வே பிள்ளையள அனுப்புதீரு? மொத நாளு பெரிய டாக்டரு மாதிரி வந்து நேரா நாடியப் பிடிக்கான். ரெண்டாம் நாளு ஸ்விட்சு எந்தப் பக்கம்னு கேக்கான்.”

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை அண்ணாச்சி” என்றேன். இந்த வாக்கியத்தை நீங்களும் பயன்படுத்துவீர்கள். பயன்படுத்தும்போது உங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் கை அப்போது நெஞ்சில் இருந்தது.

“இன்னும் ஒரே ஒரு ஆளு. அதுவும் இப்பிடின்னா இனிமே உங்க நிலையத்துல இருந்து எனக்கு யாரும் வேண்டாம்” என்று வைத்துவிட்டார்.

அந்த ஒரே ஒரு ஆள்தான் முப்பிடாதி. குருவிகுளம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்த பெண். இருபத்தாறு வயது, நாலு வயதில் ஒரு பெண்குழந்தை. ஏழு வருடமாகத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை பார்த்தவள் அதை விட்டுவிட்டு எங்கள் ஆறு மாத வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஆறு மாதம் முடிந்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்து முடித்தால்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. அந்தத் தொகுதியில் மற்ற எல்லோருக்கும் இடம் பார்த்தாகிவிட்டது. பெண் ஃபிட்டரா என்று மூன்று முதலாளிகள் இவளை மட்டும் தட்டிக்கழித்துவிட்டார்கள். மாதக் கடைசியோடு பதிவு முடிந்துவிடும். அதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் வரைக்கும் வீட்டில் பொறுக்க மாட்டார்கள் என்று அவளே சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

“அண்ணாச்சியும் மாட்டேன்னு சொல்லிட்டா, திங்கக்கெழமை நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருவேன் சார். மறுபடி கெளம்பி வர விடமாட்டாவ.”

இப்போது என் பீதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் இவளுடைய ஒரே வாய்ப்பு. இன்னொரு பக்கம் நிலையத்தின் கடைசி வாய்ப்பு. தலைமை அலுவலகத்துக்காரர் காலையிலிருந்து மூன்று முறை கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தார். புத்தி உள்ளவன் என்ன செய்திருப்பான்? ஏற்கெனவே நாறிப்போன தந்திரத்தைக் கைவிட்டிருப்பான். நான் அதையே இரண்டு மடங்காகச் செய்தேன். பயந்தவன் புதிதாக யோசிக்க மாட்டான், பழக்கமானதை வேகமாகச் செய்வான்.

தறிக்கூடத்துக்குப் போகும் வழியில், “மூணாவது தறி, அடிகட்டை போல்ட்டு” என்றேன்.

“என்ன சார் அது?”

“அதுல லூசா இருக்கும். பத்து நிமிஷம் பாத்துட்டு அதச் சொல்லிரு.”

“பாக்கதுக்கு முன்னயே எப்படி சார் தெரியும்?”

“அனுபவம்” என்றேன். வாய் கூசவில்லை.

உள்ளே போனோம். தறிக்கூடத்துக்குள் போயிருந்தால் தெரியும். நாற்பது தறி ஒரே நேரத்தில் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாயசைப்புதான் தெரியும். அதனால் நெசவாளர்களுக்குள் கைபாஷை ஒன்று உண்டு. கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. மணிக்கட்டைத் தட்டினால் நேரமாகிவிட்டது. மீசையைத் தடவினால் அண்ணாச்சி வருகிறார். தறிக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு கல்யாணச் செய்தியையே விரலால் சொல்லிவிடுவார்கள். எனக்கு இதெல்லாம் பத்தொன்பது வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டே, அந்தக் கூடத்தில் நின்று ரகசியமாகச் சைகை காட்டலாம் என்று நான் நினைத்தேன். இப்படி ஒரு முட்டாளை வெளியூரிலிருந்து வரவழைக்கவே முடியாது.

அண்ணாச்சி வழக்கம்போல மூன்றாவது தறிக்கு அவளைக் கூட்டிப்போய், காதருகே கேட்டுவிட்டு, வெளிவாசல் மேசைக்குப் போய்விட்டார். நான் உள்வாசல் நிலைப்படியில், அவருக்குத் தெரியாமல் கதவு மறைவில் நின்றுகொண்டேன்.

முப்பிடாதி தறியை ஒருமுறை சுற்றி வந்தாள். நிறுத்தியிருந்த தறியில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஸ்பானரை எடுத்து அந்தப் போல்ட்டில் வைத்தாள். எனக்கு மூச்சு வந்தது. ஸ்பானரை ஒரு தரம் அசைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள்.

இடது கையை முட்டியாக மடக்கி, வலது கையால் அதன்மேல் முறுக்கிக் காட்டினேன். போல்ட். முறுக்கு.

அவள் இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக் காட்டினாள். டைட்டாக இருக்கிறது.

இந்தக் கிழவர் இன்றைக்கென்று வேறு எதையோ கழற்றியிருக்கிறார். எது? தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் பீதி பிடித்தவனுக்குக் கை நிற்காது. ஒருவேளை பெல்ட்டாக இருக்கும் என்று இரண்டு கையாலும் பெல்ட் ஓடுவதைச் சுற்றிக் காட்டினேன். மோட்டாராக இருக்கும் என்று உறுமிக் காட்டினேன். அந்தச் சத்தத்தில் உறுமல் வேறு. நாடாவாக இருக்கும் என்று நானே இடமும் வலமுமாக ஓடிக் காட்டினேன். ஒரு விசைத்தறியின் உறுப்புகள் அத்தனையையும் என் உடம்பால் நடித்து முடித்துவிட்டேன்.

முப்பிடாதி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தறியை ஓட்டினாள்.

தறி ஓடியது. நாடா போனது, வந்தது. பத்து நிமிடம். எப்போது நிற்கும் என்று அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நிற்கவில்லை. நிறுத்தினாள், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், பலகைக்கு அடியில் படுத்து எதையோ பார்த்தாள், நாடாவைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள், மறுபடி ஓட்டினாள். மறுபடி ஓடியது. துணி ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. இதுவரை அந்தச் சோதனையில் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் நின்றதில்லை; நான்தான் பத்து நிமிடம் என்று சொல்லிக் கொடுத்திருந்தேனே.

கடைசியில் தறியை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளிவாசலுக்கு வந்தாள். அண்ணாச்சி நிமிர்ந்தார். நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

அவள் அண்ணாச்சியிடம் பேசவில்லை. என்னிடம் திரும்பினாள். “சார், நீங்க சொன்ன போல்ட்டு டைட்டாத்தான் இருக்கு.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “எந்தப் போல்ட்டு?”

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். எல்லாம் கண்முன்னால் கவிழும். பேசுவதற்கு உங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் கிடைக்கும். பத்தொன்பது வருட அனுபவம், எத்தனையோ பயிற்சி வகுப்புகள், நெருக்கடி மேலாண்மை பற்றி ஒரு நாள் கருத்தரங்கு, மத்தியானச் சாப்பாட்டோடு. இத்தனையும் சேர்ந்து என் வாயில் கொண்டுவந்து வைத்த வாக்கியம் இது:

“நான் எப்பம்மா சொன்னேன்?”

அவளுடைய ஒரே வாய்ப்பை அவள் கையிலிருந்து பிடுங்கி, அவளைப் பொய்க்காரியாகவும் ஆக்கி, ஒரு மூச்சில் இரண்டு வேலை. இதில் எனக்கு என்ன லாபம் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது. பயத்துக்கு லாப நஷ்டம் பார்க்கத் தெரியாது.

முப்பிடாதி என் முகத்தைப் பார்த்தாள். கோபப்படவில்லை. “சரி சார்” என்றாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, “யாரும் எதும் சொல்லலைன்னே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்றாள்.

எனக்குத்தான் விட்டுக்கொடுக்கிறாள் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

அண்ணாச்சி உள்ளே பார்த்துக் கையைத் தூக்கி ஒரு சைகை செய்தார். முதல் தறி ஓட்டுகிற பெரியவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

“சாரு உள்ள நின்னு என்ன சொன்னாரு?”

அந்தப் பெரியவர் இடது கையை முட்டியாக மடக்கினார். வலது கையால் அதன்மேல் முறுக்கினார். பிறகு பெல்ட் சுற்றினார். உறுமினார். கடைசியாக, வெளிவாசல் முழுக்க இடமும் வலமுமாக என்னை மாதிரியே ஓடிக் காட்டினார். என்னைவிட நன்றாகவே செய்தார். கதவுப் பக்கம் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“போன தடவைய விட இந்தத் தடவ ஐட்டம் சாஸ்தி அண்ணாச்சி” என்றார் பெரியவர். “மோட்டாரு புதுசு.”

“போன தடவையா?” என்றேன்.

“வே, நீரு கைய ஆட்டுதத இந்தக் கூடமே எத்தன வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கு தெரியுமா?” என்றார் அண்ணாச்சி. “நீரு ஆளக் கூட்டிக்கிட்டு வார நாளுன்னா இவனுவ தறிய விட்டுட்டு உம்மத்தான் பாப்பானுவ. நானும் ஒரே போல்ட்டத்தான் லூசாக்கிக்கிட்டு இருந்தேன், ஒத்துக்கிடுதேன். நீரு சொல்லிக் கொடுக்கீருன்னு தெரிஞ்ச பெறகு, கடைசியா வந்த மூணு பேருக்கும் நான் எதையும் தொடல. நல்லா ஓடுத தறி. மூணு பயலும் வந்தான், பத்து நிமிசம் தாடியத் தடவினான், டைட்டா இருக்க போல்ட்ட ஒரு முறுக்கு முறுக்கிட்டு, ‘இப்ப சரியாயிருச்சு அண்ணாச்சி’ன்னான்.”

“அப்ப ஏன் சேத்துக்கிட்டீங்க?”

“ஆளு வேணுமில்லா. தறிய நான் ஓட்டவா?”

அப்போதுதான் சொன்னேன். “ஆமா அண்ணாச்சி. எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். இந்தப் பிள்ளைட்டயும் சொன்னேன். சொல்லலன்னு சொன்னது பொய்.” இதை நான் உண்மையை ஒப்புக்கொண்ட கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கே தெரிந்தபிறகு சொன்னால் அது வாக்குமூலம் ஆகாது, வருகைப்பதிவு.

அண்ணாச்சி என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. முப்பிடாதியிடம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

“இவரு சொன்னதக் கேட்டுட்டுத்தான நீயும் உள்ள வந்த?”

“ஆமா அண்ணாச்சி.”

“எத்தனாம் தறி, எந்தப் போல்ட்டுன்னு தெரிஞ்சுகிட்டு.”

“ஆமா.”

“அப்ப மத்தவனுவ மாதிரி அத ஒரு முறுக்கு முறுக்கிட்டு, சரியாயிருச்சுன்னு சொல்லிட்டு வரவேண்டியதான? உனக்கு வேல வேண்டாமா?”

“வேணும் அண்ணாச்சி. ரொம்ப வேணும்” என்றாள். “இறுகுன போல்ட்ட மேல மேல முறுக்குனா மரை போயிரும். போச்சுன்னா நாளைக்கு நானில்லா வந்து புதுசு மாட்டணும்.”

பெரியவர் தலையை ஆட்டினார். அண்ணாச்சி ஆட்டவில்லை.

“சரி. அப்ப தறிக்கு என்ன செய்யுது?”

நான் அவளுக்காகப் பிரார்த்தனை செய்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில், பெல்ட்டில் ஏதோ தேய்மானம் என்றாவது சொல்லித் தொலைய மாட்டாளா என்றுதான் நினைத்தேன். தேடச் சொன்ன இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு போய் நிற்பதைப்போல பயமான காரியம் எனக்கு வேறு கிடையாது. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் எதையாவது கண்டுபிடித்து அறிக்கையில் எழுதிப் பழகியவன் நான். அண்ணாச்சி எதையும் தொடவில்லை என்று சொன்னது கடைசி மூன்று பேருக்கு. இவளுக்கு என்ன வைத்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

“தறிக்கு ஒண்ணும் செய்யல அண்ணாச்சி” என்றாள் முப்பிடாதி. “நல்லாருக்கு. எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் பாத்துட்டேன். இதுக்கு மேல கோளாறு இருக்குன்னா நீங்கதான் காட்டணும். பாத்துப் படிச்சுக்கிடுதேன்.”

அண்ணாச்சி எழுந்து உள்ளே போனார். மூன்றாவது தறியை அவரே ஓட்டினார். அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். அவர் முகம் தெரியவில்லை, முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் பாஸாக்கி அனுப்பிய பிள்ளைகள் யாரையும் அண்ணாச்சி இப்படி நின்று பார்க்க நான் விட்டதே இல்லை. அவர்கள் வேலை தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்று அவருக்கும் தெரியாமல், அவர்களுக்கும் தெரியாமல் பண்ணியது நான். ஸ்விட்சு எங்கே என்று ரெண்டாம் நாள் கேட்டவனுக்கு, அதை முதல் நாளே கேட்டிருக்கலாம் என்ற தைரியத்தை யாரும் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எல்லாம் தெரிந்த டாக்டராக அனுப்பிவிட்டால் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

திரும்பி வந்து, மேசையில் கிடந்த போனை எடுத்தார். “இன்னைக்கும் நான் எதையும் தொடல. என்னவோ ஓடிபி வருமில்லா, வரச் சொல்லும்” என்றார் என்னிடம். “திங்கக்கெழமையில இருந்து வரட்டும். மொத மூணு மாசம் இவரு கூட நிக்கட்டும்.” பெரியவரைக் காட்டினார்.

முப்பிடாதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையா வேறா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது கண்ணாடி மங்கலாக இருந்தது.

“பொம்பளப் பிள்ளன்னு சொல்லி மத்தவங்க எல்லாம்...” என்று நான் ஏதோ நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

“நீரு பேசாம இரும்” என்றார் அண்ணாச்சி. “இனிமே ஆளக் கூட்டிக்கிட்டு வந்தா தெருமுனை டீக்கடையில நில்லும். உள்ள வரக்கூடாது. உம்ம கையப் பாத்து இவனுவளுக்கு வேல கெடுது.”

அப்படியேதான் நின்றேன், வேலையை விடுகிற வரைக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு. அதற்கப்புறம் சில பிள்ளைகள் தேறவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களை நிலையத்துக்கே திரும்பக் கூட்டிப்போய், தெரியாததைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். புகைப்படம் குறைந்தது. கேள்விக்குறிகள் அதிகமாயின. மாத்திரை இரண்டானதும் அப்போதுதான். ஆனால் உள்ளே போனவர்கள் யாரும் ஒன்றரை மாதத்தில் திரும்பி வரவில்லை.

இதிலிருந்து ஒரு பாடம் எழுதுங்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நம் பயத்தை உதவி என்று பெயர் மாற்றி அடுத்தவர் தலையில் கட்டிவிடுவது நம் தொழிலில் ரொம்பச் சுலபம். செய்துகொண்டிருக்கும்போது புண்ணியம் மாதிரியே இருக்கும்.

அன்றைக்குப் பதிவெல்லாம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. குருவிகுளம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வாக்கியம் தேடிக்கொண்டே நடந்தேன். பஸ் வந்து, அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகுதான் வாய் வந்தது.

“நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதும்மா. அண்ணாச்சி முன்னால சொல்லலைன்னு சொன்னதும் தப்பு. மனசுல வச்சுக்காத.”

“அத விடுங்க சார்” என்றாள். “எனக்கு வேற ஒரு ஆத்தாமை. அந்தத் தறியில ஒண்ணும் இல்லன்னு பத்து நிமிசத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாரு இருக்குன்னு சொல்லியிருக்காவளே, சாருக்குத் தெரியாமலா இருக்கும்னுதான் மிச்ச நேரமெல்லாம் தேடிக்கிட்டுக் கெடந்தேன்.”